வெட்டுப்பட்டதற்கே தெரியாத வெட்டு

ஆர்லோ டிங்லி வெள்ளிக்கிழமை அறுத்துப் போட்ட பன்றித்தொடை, திங்கட்கிழமை காலையில் முழுசாக உட்கார்ந்திருந்ததாம். அறுத்த தடம் இல்லை, எடையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. பரிசோதனைச் சமையலறை வாசலில் நின்று, வாயில் பாதி டோனட்டை அடக்கிக்கொண்டு, கண்ணிமைக்காமல் அவன் இதைச் சொன்னான்.

"சும்மா இல்ல ஐரீன். முப்பத்தாறு துண்டு. கடுதாசி கணக்கா. அழகா இருக்கட்டும்னு எலும்பு மேலயே திரும்ப அடுக்கித் துணி போட்டு மூடிட்டுப் போனேன். இன்னிக்கு வந்து பாத்தா ஒட்டிக்கிச்சு. என் கத்தி வெட்டினா வெட்டுப்பட்டதுக்கே தெரியாது."

தட்டு கழுவிக்கொண்டிருந்த டாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. "எழுந்து நடந்து போகலையா? முன்னாடியே சொல்லு, கேட்டைச் சாத்தச் சொல்றேன்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நடந்திருக்கும்."

கத்தி செய்யும் அந்த ஆலையில் ஆர்லோவை நம்பாதவர்கள் என்று யாரும் மிச்சமில்லை. கரண்டு கத்தி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, கனெக்டிகட் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வண்டாக இரைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் அறுத்தால் முழங்கைவரை மரத்துப்போகும். கொழுப்பு மூக்குக்கண்ணாடியில் தெறிக்கும். வான்கோழியின் தோல் நார் நாராகக் கிழிந்து, நாய் கடித்துத் துப்பியதுபோலத் தட்டில் விழும். ஆர்லோ தன் புதுக் கத்தியில் அத்தனையையும் ஒழித்துவிட்டான். கைப்பிடி நடுவில் விரல் நுழைய ஓட்டை. அலகைத் தொடாமல் கழற்றிப்போட அடியில் ஒரு பொத்தான். ஒன்றோடொன்று உரசி ஓடும் இரட்டை அலகுகளின் ஓட்டத்தை மயிரிழை அளவுக்குச் சுருக்கி, வேகத்தை மட்டும் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தான்.

நம்பாதவள் ஐரீன் வோய்சிக் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சமையலறையின் தலைவி. அவள் அறுத்த வான்கோழிகளை வரிசையாக நிறுத்தினால் பாஸ்டன்வரை போகும், வழியில் நாலைந்து முட்டையும் இட்டுவிடும். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தக் கத்தியும் கடைக்குப் போகாது. பரிசோதனைத் தாளில் 'கண்டது' என்று ஒரு பத்தி உண்டு. கண்ணால் காணாத எதையும் அவள் அதில் எழுதியதில்லை.

"உன் பன்னிக் கதையை நான் எழுத மாட்டேன் ஆர்லோ."

"பாத்தா?"

"பாத்தா எழுதுறேன்."

புதன்கிழமை வந்தது. மறுநாள், வீட்டுக்கு வீடு வான்கோழி அறுக்கும் நன்றித் திருநாள். அதற்கு முந்தின மதியம் ஒரு மணிக்கு, பரிசோதித்த வான்கோழியை மேல்மாடியில் முதலாளி வின்ஸ்லோவின் மேஜைக்கு அனுப்புவது வழக்கம். அதில் ஒரு வித்தை உண்டு. அறுத்த துண்டுகளையெல்லாம் திரும்ப எலும்பின்மேல் பொருத்தி, பறவை முழுசாக இருப்பதுபோலக் காட்ட வேண்டும். முதலாளி முள்கரண்டியால் தொட்டதும் துண்டு துண்டாகப் பிரியும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அப்படிப் பொருத்துவதில் ஐரீனை மிஞ்ச ஆள் கிடையாது.

காலை பத்து மணிக்கு அவள் கத்தியை ஓடவிட்டாள்.

சத்தமே இல்லை. முதலில் அவளுக்கு உறுத்தியது அதுதான். விளக்குக்குள் ஓடும் மின்சாரம்போல ஒரு மெல்லிய அதிர்வு கைப்பிடியில் இருந்ததே தவிர, அலகு ஓடுகிறதா நிற்கிறதா என்று காது சொல்லவில்லை. முதலில் பன்றித்தொடை, பிறகு அதே பலகையில் வான்கோழி. பொன்னிறத் தோலுக்குள் அலகு தண்ணீருக்குள் போவதுபோலப் போனது, ஒரு துளி சாறு கசியவில்லை, ஒரு துணுக்கு உதிரவில்லை, பலகை கழுவி வைத்ததுபோல் உலர்ந்திருந்தது. இரைச்சல் இல்லாததால் பயமும் இல்லை. பிடிக்கும் கரண்டியைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் இடது கையாலேயே பறவையின் மார்பை அழுத்திக்கொண்டாள். புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்தால் கையில் தட்டுவாள்.

நாற்பது துண்டு. ஒவ்வொன்றாக எலும்பின்மேல் பொருத்தி, ஈரத்துணி போட்டு மூடினாள். இரண்டு மூன்று பன்றித்துண்டுகளையும் அழகுக்காகப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

பன்னிரண்டரைக்குத் துணியைத் தூக்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. பறவையை அடுப்பிலிருந்து எடுத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. துணிக்கு அடியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. வறுத்த வாசனை இல்லை, கெட்டுப்போன வாசனையும் இல்லை. காயத்தின்மேல் நாலு நாள் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது வருமே, வெளுத்து ஊறிய தோலின் அந்தப் புளித்த இனிப்பு. ஐரீன் மூக்கைச் சுளித்துக்கொண்டு முள்கரண்டியால் முதல் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி நெம்பியதும் துண்டு அரை அங்குலம் பிரிந்து, அதற்கும் அடுத்ததற்கும் இடையே காய்ச்சிய பாலின் ஆடைபோல ஒரு வழவழப்பான சவ்வு இழுபட்டு, நூல் நூலாக நீண்டு, பிறகு மெதுவாக, தானாகவே, திரும்பச் சேர்ந்துகொண்டது.

வாயில் உமிழ்நீர் ஊறியது. விழுங்கினாள்.

"டாட்டி, இதைக் கொஞ்சம் பாரு."

டாட்டி வந்து குனிந்தாள். "நல்லாத்தானே அடுக்கியிருக்கே. கோடுகூடத் தெரியல."

"அடுக்கல. ஒட்டியிருக்கு."

"ஆர்லோ உனக்கும் டோனட் குடுத்தானா?"

ஐரீன் இன்னும் கிட்டே குனிந்தாள். சாய்த்து வைத்த பன்றித்துண்டு பறவையின் விலாவோடு சேர்ந்திருந்தது. இளஞ்சிவப்பு எந்த இடத்தில் முடிந்து வெள்ளை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லையில் மெல்லிய நீல இழை ஒன்று, நரம்புபோல, இரண்டுக்கும் பொதுவாக ஓடியது. ஜெலட்டின் உறைந்திருக்கும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சுட்ட இறைச்சிக்கு உயிர் ஏது. விரலால் தோலைத் தொட்டாள். குளிர்ந்த விரல் பட்ட இடத்தில், மொறுமொறுவென்று வறுபட்ட அந்தத் தோல் சிலிர்த்தது. புள்ளி புள்ளியாக.

துணியைத் திரும்பப் போர்த்திவிட்டு, கையை உதறிக்கொண்டு கழுவும் அறைக்கு ஓடினாள்.

குழாயில் வெந்நீர். சோப்பு. கொழுப்பு போகவில்லை, இன்னும் சோப்பு. ஆவி கண்ணாடியை மறைத்தது. இரண்டு கையும் சிவந்துபோகும் அளவுக்குத் தேய்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இடது கட்டைவிரலின் சதைப்பகுதிக்குச் சூடு தெரியவில்லை. சூடு இல்லை, ஆனால் வேறு ஏதோ தெரிந்தது. ஈரத்துணி ஒன்று அதன்மேல் போர்த்தியிருப்பதுபோல. குழாயை மூடினாள். விரலைத் துடைத்தாள். உலர்ந்த விரலில் இன்னும் ஈரத்துணி.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அடுப்புத் தட்டில் சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று அந்தச் சதையில் பிறைபோல இருக்கும். முப்பது வருடத் தழும்பு. அது இல்லை. ரேகையும் இல்லை. அந்த இடத்தில், காசளவுக்கு, மஞ்சள் பாய்ந்த தோல். ஓரத்தில் தையல் இல்லை, வெட்டு இல்லை, ரத்தம் இல்லை. அழகாகச் சேர்ந்திருந்தது. தோல் முழுக்கக் குழிகள். வரிசை வரிசையாக. ஒரு குழியில் கருப்பாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது.

கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தாள். பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முக்கால் அங்குலம். இறகுக் குச்சியின் அடிக்கட்டை, நுனியில் ஒரு சொட்டு நெய்.

தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

தலைநிமிர்ந்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. அறுக்கும்போது அலகு விரலையும் சீவியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. அடுக்கும்போது பறவையின் தோல் விரலில் உட்கார்ந்துவிட்டது, விரலின் சதை பறவைமேல் உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் திருப்பி எடுத்து வைக்கலாம். வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறைத் தழும்பைத் தேடினால் போதும். பறவை சமையலறை மேஜையில்தானே இருக்கிறது.

அப்போது கட்டைவிரல்மேலிருந்த ஈரத்துணியை யாரோ எடுத்தார்கள். குளிர்ந்த காற்று பட்டது.

சமையலறை மேஜை காலியாக இருந்தது.

"மேல கொண்டுபோய்க் குடுத்துட்டேனே," என்றாள் டாட்டி. "மணி ஒண்ணாகுது. நீ உள்ள போய்ப் படுத்துட்டியோன்னு நெனச்சேன். என்ன மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

ஐரீன் படியேறினாள். ஏப்ரனுக்குள் இடது கையைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள்.

மேல்மாடியில் எட்டுப் பேர். கிரான்பெரி ஜாம், மசித்த உருளை, ஜன்னல் வழியே நல்ல வெயில். துண்டுகள் பிரியவில்லையாம், அதனால் வின்ஸ்லோவே கத்தியை எடுத்து மறுபடி அறுத்திருந்தார். பறவையின் ஒரு பக்கம் காலி. அவருக்குப் பின்னால் ஆர்லோ, கல்யாண மாப்பிள்ளைபோல நின்றான்.

"வெள்ளை மார்புக்கறியா, கருத்த தொடைக்கறியா ஐரீன்?" என்றார் வின்ஸ்லோ. "உக்காருங்க. உங்க கைவண்ணம்தானே."

"யாரும் சாப்பிடாதீங்க."

கரண்டிகள் நின்றன.

"ஏன், வேகலையா?"

மேஜையைப் பார்த்தாள். எதைச் சொல்வது. எட்டு ஆண்கள், எட்டுத் தட்டு, எட்டு நாப்கின். "ஒரு நிமிஷம். தட்டையெல்லாம் நான் பாக்கணும்."

"இருபத்திரண்டு வருஷமா பாத்தது போதாதா," என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி கரண்டிகள்.

மேஜையைச் சுற்றி நடந்தாள். முதல் தட்டு. தோல், பழுப்புத் தோல். இரண்டாவது. மூன்றாவது. திடீரென்று கட்டைவிரலில் சூடாக, கொழகொழவென்று ஏதோ வழிந்தது. கிரேவி. யார் ஊற்றுகிறார்கள் என்று நிமிர்ந்தாள். நாலு பேர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாலாவது தட்டு. ஐந்தாவது.

மேஜையின் தலைப்பக்கம் வின்ஸ்லோவின் தட்டு. கிரேவிக்கு அடியில், துண்டின் ஓரத்தில், வெளுப்பாக. காசளவு. பிறை.

"சார்."

முள்கரண்டி இறங்கியது. நாலு ஊசி. ஐரீன் பல்லைக் கடித்தாள், சத்தம் வெளியே வரவில்லை. கரண்டி எழுந்தது.

"சார், அது..."

வெப்பம். ஈரம். நாக்கு. தடித்த நாக்கு, அடியிலிருந்து மேலே தடவிப் பார்த்தது. பிறகு பல். ஒரு பக்கம். மறுபக்கம். ரசித்து, நிதானமாக.

வின்ஸ்லோ கண்ணை மூடிக்கொண்டார். "துளி நார் இல்ல. ஆர்லோ, கிறிஸ்துமஸுக்குள்ள எல்லா வீட்டுக்கும் போகட்டும்." விழுங்கினார்.

இருட்டு. வழுக்கல். இறுக்கிப் பிடித்து, விட்டு, இன்னும் கீழே.

ஆர்லோ பரிசோதனைத் தாளை அவள்முன் நீட்டினான். கண்ணில் குறும்பு. "என்ன ஐரீன், இன்னும் நம்பலையா? கையெழுத்தாவது போடுவியா?"

அவள் வலது கையால் பேனாவை வாங்கினாள். தாள் நகராமலிருக்க இடது கட்டைவிரலால் அழுத்தினாள். ஜன்னல் காற்று பட்டதும் அந்தத் தோல் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தது, தாளில் நெய் வட்டமாகப் பரவியது. 'கண்டது' பத்தியில் எழுதி முடிப்பதற்குள், விரலில் இல்லாத அந்தச் சதை மெல்ல எரியத் தொடங்கியது. புளிக்காடியில் முக்கியதுபோல. ஓரத்திலிருந்து, உள்நோக்கி.

"நடந்தது, ஆர்லோ," என்றாள் ஐரீன். "நீ சொன்னது அத்தனையும் நடந்தது. இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."