மார்த்தாவுக்கு ஜன்னல் சீட்டு

அன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு புனிதர் கூட்டமே விழுப்புரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது.

உடம்பெல்லாம் அட்டை அம்புகள் குத்தி நின்ற செபஸ்தியாருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தோணியார் தன் தங்கையின் பொம்மையைக் குழந்தை இயேசுவாகத் தூக்கி வந்திருந்தார். பொம்மைக்கு ஒரு கண் திறக்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் சிவப்பு வெல்வெட் அங்கியும் கல் பதித்த கிரீடமுமாக எலிசபெத் ராணி நின்றாள். கையில் காகித ரோஜாக்கள்.

ராணியின் நிஜப்பெயர் சங்கவி. அவளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி, கையில் கரண்டியோடு நின்றவள் ஆரோக்கியசெல்வி. அவள்தான் மார்த்தா.

விழுப்புரத்தில் புனிதர் வேடப் போட்டி. யார் எந்தப் புனிதர் என்று லூர்துமேரி டீச்சர் மறைக்கல்வி வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டார். செல்விக்கு மார்த்தா வந்தார்.

"மார்த்தான்னா யாரு டீச்சர்?"

"இயேசு வீட்டுக்கு வந்தப்போ விருந்து சமைச்சவங்க. தங்கச்சி மரியா வேலை செய்யாம இயேசு காலடியில கதை கேட்டுக்கினு உக்காந்துட்டா. மார்த்தாவுக்குக் கோவம் வந்திடுச்சி. 'அவள எனக்கு ஒத்தாசை பண்ணச் சொல்லுங்க'ன்னு இயேசுகிட்டயே புகார் சொன்னாங்க."

"அதுக்கு இயேசு இன்னா சொன்னாரு?"

"மரியா செய்றதுதான் நல்லதுன்னு சொல்லிட்டாரு."

வகுப்பே சிரித்தது. புகார் சொல்லித் தோற்றுப்போன புனிதை! அடுத்த சீட்டை எடுத்த சங்கவிக்கு, ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்த எலிசபெத் ராணி வந்தாள்.

சங்கவிக்கு எப்போதும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள் மாதா என்றால் செல்வி ஆடு. சர்ச்சில் எடுத்த புது நன்மை விழா போட்டோவில் அவள் நடுவில் நின்றாள். செல்வியின் காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. இத்தனைக்கும் இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, நேற்றுவரை ஒரே குடை.

ஒரே ஒருமுறை எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும். செல்விக்கு அது போதும். பழுப்பு நிற நீள கவுன், இடுப்பில் வெள்ளைத் துண்டு, அம்மாவின் சந்தன நிறத் துப்பட்டாவால் முக்காடு. கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வெல்வெட்டைப் பார்க்கும் வரை.

பஸ் வந்தது. டீச்சர் எல்லோரையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். கண்டக்டர் செபஸ்தியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா உடம்பெல்லாம் அம்பு? உட்டவன் எந்த ஸ்டாப்புல ஏறுறான்?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. முதுகில் அம்பு இருந்ததால் செபஸ்தியாரால் சாய்ந்து உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செல்வி பாய்ந்து ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். சங்கவி அங்கியைத் திரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்சீட்டு அம்மா திரும்பி ராணியைப் போட்டோ எடுத்தார்.

"மகாராணி மாதிரியே கீறியே கண்ணு! நீ யாரும்மா, கரண்டியோட? சமையக்காரம்மாவா?"

"மார்த்தா" என்றாள் செல்வி. அந்த அம்மாவுக்குக் காதில் விழவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அவித்த வேர்க்கடலை விற்க ஏறியவர், "மல்லாட்டை, ராணியம்மாவுக்கு" என்று ஒரு பொட்டலத்தைச் சும்மாவே கொடுத்தார். சங்கவி பாதியை நீட்டினாள்.

"வேணாம். நீயே துன்னு."

செல்வி வெளியே பார்த்தாள். மோட்சத்தில் புனிதர்கள் எப்படி இருப்பார்கள்? அங்கேயும் மேகத்தில் பஸ் ஓடுமோ? ராணிகளுக்கு மல்லாட்டையும் சமையல்காரிகளுக்குத் தோலும் கிடைக்குமோ? மார்த்தா யார் பக்கத்தில் உட்காருவாள், பாவம்?

விக்கிரவாண்டி தாண்டியதும் சங்கவி அவள் கையைச் சுரண்டினாள்.

"செல்வி, ஒரு மாதிரியா இருக்குடி. ஜன்னல் சீட்டு குடேன்."

"எல்லாமே உனக்குத்தானா? கிரீடம் உனக்கு, மல்லாட்டை உனக்கு, ஜன்னலும் உனக்கா?"

"இல்லடி, நெஜமாவே..."

"போடி."

அவ்வளவுதான். சங்கவி வாயைப் பொத்துவதற்குள் மல்லாட்டை முழுவதும் வெளியே வந்துவிட்டது. வெல்வெட் அங்கியின் மார்பிலிருந்து முழங்கால் வரை.

"அய்யய்யோ, பேஜாரு!" என்று செபஸ்தியார் அம்புகளோடு பின்னால் ஓடினார்.

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, செல்வியின் மனசுக்குள் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் சங்கவியின் முகத்தைப் பார்த்ததும் கைதட்டல் நின்றுவிட்டது.

விழுப்புரத்தில் போட்டி நடக்கும் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு குழாய் இருந்தது. "ஜல்தி கழுவிக்கினு வாங்க. நான் போய் பேர் குடுத்துட்டு வர்றேன்" என்று டீச்சர் மற்றவர்களோடு உள்ளே ஓடினார்.

சங்கவி குழாயடியில் குந்தி உட்கார்ந்து அழுதாள். கிரீடம் காது வரை இறங்கியிருந்தது.

"நான் மேடை ஏறமாட்டேன்டி. நாத்தம் அடிக்குது. அம்மா வாடகைக்கு எடுத்தது இது. டீச்சர்கிட்ட சொல்லிடு."

டீச்சரிடம் போய்ச் சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. மேடையில் வெல்வெட் இருக்காது. எல்லோரும் செல்வியைப் பார்ப்பார்கள். அவள் இரண்டடி நடந்தாள்.

'ஜன்னல் சீட்டு குடேன்' என்ற குரல் மறுபடி காதில் கேட்டது.

செல்வி திரும்பினாள். இடுப்பிலிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்துக் குழாயில் நனைத்தாள்.

"எழுந்திரு. நிமிந்து நில்லு. மூக்க உறிஞ்சாத."

தேய்த்தாள், பிழிந்தாள், மறுபடி தேய்த்தாள். துண்டு மஞ்சளாகியது. அவள் கவுன் முழங்கால் வரை நனைந்தது. நாற்றம் போனது. ஆனால் வெல்வெட்டில் வயல் வரைபடம் மாதிரி ஈரக்கறை அப்படியே இருந்தது.

"தெரியுதே!" என்று சங்கவி மறுபடி உதட்டைப் பிதுக்கினாள்.

"இரு. உங்க ராணி ஏழைகளுக்கு ரொட்டி எதுல எடுத்துக்கினு போனா?"

"மடியில. தர்மம் பிடிக்காத ராஜா தொறந்து காட்டுன்னு சொன்னாரு. பாத்தா ரோஜாப்பூவா மாறி இருந்திச்சி."

"உனக்கு மடி எங்கடி? மடியே இல்லாம ரோஜாவ எங்க வெச்சிக் காட்டப்போற?"

செல்வி தன் முக்காட்டை உருவினாள். சந்தன நிறத் துப்பட்டாவைச் சங்கவியின் இடுப்பில் முன்பக்கமாகக் கட்டி, முனைகளை மடித்து மடியாக்கி, காகித ரோஜாக்களை உள்ளே போட்டாள். கறை மறைந்தது. இப்போதுதான் அவள் நிஜ எலிசபெத் மாதிரி இருந்தாள்.

சங்கவி குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு செல்வியைப் பார்த்தாள்.

"உனக்கு?"

செல்வியிடம் ஈரக் கவுனும் கரண்டியும்தான் மிச்சம்.

எலிசபெத் ராணி மேடையில் மடியை விரித்தாள். ரோஜாக்கள் உதிர்ந்தன. மண்டபம் அதிரக் கைதட்டல். 'அது என் துப்பட்டா!' என்று கத்த வேண்டும்போல் இருந்தது செல்விக்கு.

"அடுத்து, மார்த்தா!"

கலைந்த தலை, சொட்டும் கவுன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் எழுதிக் கொடுத்த வசனம் தலையிலிருந்து பறந்துவிட்டது. செல்வி கரண்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"நான்தான் மார்த்தா. எங்க வீட்டுக்கு இயேசு வந்திருக்காரு. நான் அடுப்புல வெந்துக்கினு இருக்கேன். எங்க மரியா ஜாலியா உக்காந்துக்கினு இருக்கா. எல்லாரும் அவளத்தான் பாக்குறாங்க."

சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்குப் பொறாமை. சும்மா இல்ல, வயித்துல மொளகா அரைச்ச மாதிரி பொறாமை! ஆண்டவர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டேன். அவரும் அவ பக்கமே பேசிட்டாரு." செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா பண்றது? பொறாமை பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். எனக்கு வேலை கெடக்குது. நான் வர்றேன்."

கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நடுவராக இருந்த சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பின்வரிசை எழுந்து நின்று விசிலடித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் சங்கவி. கிரீடம் கழன்று கீழே உருண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முடிவுகளை அறிவித்தார்கள். மார்த்தாவும் எலிசபெத்தும் சேர்ந்து இரண்டாம் பரிசு.

முதல் பரிசு, ஜார்ஜியார் வேடம் போட்ட மூன்று வயதுப் பையனுக்கு. அவன் மரக் குதிரைமேல் ஏறிய கையோடு, ஈட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபமே "அய்யோ, செல்லம்!" என்று உருகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் செல்வி ஜன்னல் சீட்டைச் சங்கவிக்குக் கொடுத்தாள்.

"அந்தப் பையன் இன்னாடி பண்ணான்?" என்றாள் சங்கவி.

"தூங்கினான்!"

"நம்மளும் தூங்கி இருக்கலாம்."

"வாயில எச்சி வேற ஒழுகிச்சி. அதுக்கும் கைதட்டுறாங்க!"

திண்டிவனம் வரும்வரை இரண்டு புனிதைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, மிக ஒற்றுமையாக, அந்தக் குட்டி ஜார்ஜியார்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே போனார்கள்.