பாவாத்தாள் நீட்டிய சீட்டு

திருமூர்த்திக் கவுண்டர் புதிதாக ஆரம்பித்த மோட்டார் கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு பஸ். கம்பெனியின் பெயரோ பஸ்ஸைவிட நீளம். பக்கவாட்டில் இடம் போதாமல், கடைசி நான்கு எழுத்துகளை வண்டியின் முதுகில் எழுதியிருந்தார்கள்.

மதுக்கரையிலிருந்து உக்கடத்துக்கு அந்த பஸ் தினமும் நாலு நடை போய்வரும். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பின் டயர் தேய்ந்து நூல் தெரிந்தபோது, புது டயர் வாங்க முப்பத்தாறு ரூபாய் இல்லை. கண்டக்டர் அமிர்தராஜின் தோல்பையைக் கவிழ்த்ததில் ஆறு ரூபாயும் ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன.

கவுண்டர் மீசையைத் தடவினார். பஸ் நிறைந்தும் பை நிறையவில்லை என்றால், யாரோ கை வைக்கிறார்கள் என்றார். பை தொங்குவது அமிர்தராஜின் தோளில்.

"பதினஞ்சு நாள் பார்ப்பேன், அமிர்தராஜு. அதுக்குள்ள கணக்குச் சொல்லோணும். இல்லாட்டி பையைக் கழட்டி வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயிரு."

அமிர்தராஜ் "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

கவுண்டரின் மகள் பாவாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவாள், அமிர்தராஜின் பக்கத்தில்தான் உட்காருவாள். பையில் கை வைப்பது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அப்பாவேதான். கல்யாண மொய்க்கு, மாட்டுப் புண்ணாக்குக்கு, வெற்றிலைக்கு என்று எடுத்துக்கொண்டே இருப்பார். எடுத்த மறுநிமிடம் மறந்தும்விடுவார்.

"ஏனுங்ண்ணா, அப்பாதான் எடுக்கறாங்கன்னு நீங்க சொல்லலாமல்ல?"

"மொதலாளி மூஞ்சியப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுங்களா, அம்மணி?"

முடியாதுதான். கொங்கு நாட்டு மரியாதை வேலை போனாலும் வாயைத் திறக்காது.

பாவாத்தாள் யோசித்தாள். அப்பாவிடம் ஒரு மைப் பேனா இருந்தது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் அதில் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பெரிய சந்தோஷம். சாட்டை வால் மாதிரி ஒரு கோடு இழுத்து, கீழே 'முதலாளி' என்றும் எழுதுவார்.

மறுநாள் காலை அப்பா பைக்குள் கை விட்டார். அவள் நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, தொகையையும் காரணத்தையும் எழுதி நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா."

"கம்பெனிக் காகிதமா, கண்ணு?"

"ஆமாங்க."

படிக்கவேயில்லை. போட்டார். அன்று மட்டும் மூன்று போட்டார்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் கவுண்டர் கணக்குக் கேட்டார். அமிர்தராஜ் பையைக் கழற்றி பஸ் படியில் வைத்தார். அதன்மேல் பாவாத்தாள் சீட்டுக் கட்டை வைத்தாள்.

கவுண்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஜரிகை அங்கவஸ்திரம், ஒன்பது ரூபாய். மச்சினர் வீட்டு மொய், ஐந்து ரூபாய். பேனாவுக்கு மை, ஆறணா. மொத்தம் முப்பத்தெட்டு ரூபாய். கடைசிச் சீட்டு மட்டும் வேறு மாதிரி: 'அம்மாவின் பால் காசில் பெட்ரோல் போட்டது, மூன்று ரூபாய். கம்பெனி அம்மாவுக்குத் தரவேண்டும்.' அதிலும் சாட்டை வால்.

"இது என்ற பஸ்ஸு தானே, கண்ணு?"

"பஸ்ஸு உங்களுதுதானுங்கப்பா. பையி பஸ்ஸோடதுங்க."

பெரிய மனிதர்கள் வழக்கமாக இந்த இடத்தில் கத்துவார்கள். கவுண்டர் கத்தவில்லை. குனிந்து, தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு பையை எடுத்து, தன் கையாலேயே அமிர்தராஜின் தோளில் மாட்டினார்.

"தப்பு என்மேலதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அமிர்தராஜ் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கவுண்டர் மகளிடம் திரும்பினார். இனி தான் வெற்றிலைக்கு எங்கே போவது என்று கேட்டார். டிரைவரையும் கண்டக்டரையும் போல நீங்களும் மாதச் சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். முதலாளிக்குச் சம்பளமா என்று முதலில் சிரித்தார். ராத்திரி சாப்பிடும்போது, எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மாவின் மூன்று ரூபாய் முதலில் திரும்பியது. அடுத்து புது டயர் வந்தது. மறுமாதம் முதல் தேதி, கவுண்டர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு அமிர்தராஜுக்குப் பின்னால் வரிசையில் நின்று சம்பளம் வாங்கினார். டிரைவரைவிட இரண்டு ரூபாய் குறைவு.

வண்டி ஓட்டுவது டிரைவர்தானே என்று பாவாத்தாள் சொல்லிவிட்டாள்.