ஆரோன் ஓடவிட்ட ஜாப்

நாவலூர் ஆபீஸில் ஷீலா அன்று மதியம் வந்து உட்கார்ந்தது கணவன் ஆரோனின் சீட்டில். இருவரும் ஒரே டீம். போன வாரம் இந்த நாற்காலியிலிருந்துதான் அவன் மயங்கிச் சரிந்தான். இப்போது தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் கண் திறக்காமல் கிடக்கிறான். அவளுக்கு லீவு தீர்ந்துவிட்டது. ஆபீஸுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?

வெளியே மழை மூட்டமாக இருந்தது. ஏசி காற்றில் ஆரோன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது.

கம்ப்யூட்டரில் தானாக ஓடும் டேட்டா ஜாப்களைக் கவனிப்பது அவன் வேலை. எது எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள், எப்படி முடிந்தது எல்லாம் ரன் ஹிஸ்டரியில் வரிவரியாகப் பதிவாகும். ஷீலா அதைத் திறந்தாள். எல்லாம் முடிந்த வரிகள்.

ஒன்று மட்டும் முடியவில்லை.

ஜாப்: ஆரோன். தொடங்கியவர்: ஆரோன். நிலை: ரன்னிங்.

அவன் சரிந்த அதே நேரத்தில் தொடங்கியிருந்தது. வரியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

புள்ளி சட்டென்று நின்றது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாத்தனார் கிருபா.

"அண்ணி, அண்ணனுக்கு மூச்சு நின்னுடுச்சு... டாக்டருங்க ஓடி வராங்க..."

புள்ளி மறுபடி மின்னியது.

"வந்துடுச்சு அண்ணி! ஸ்தோத்திரம்!"

ஷீலாவுக்குப் புரிந்துவிட்டது. இது ஓடும்வரைதான் அவன் இருப்பான். யாரிடம் போய்ச் சொல்வாள்?

"இது இன்னுமா தொங்கிட்டிருக்கு?" பின்னால் மேனேஜர் ஷ்யாம்சுந்தர்.

"ஷ்யாம், ப்ளீஸ். இதை மட்டும் கில் பண்ணி நிறுத்திடாதீங்க."

"நான் எதுக்குப் பண்ணணும்? புது ரூல் போட்டாச்சு. ஒரு நாளைக்கு மேல ஓடுற எதையும் சிஸ்டமே கில் பண்ணிடும். இப்போதான் ஹெட் ஆபீஸ்ல ஆன் பண்ணாங்க."

"ஆஃப் பண்ணுங்க!"

"என் கையில இல்லங்க. அவங்களுக்கு டிக்கெட் போட்டுக் கேட்கணும், ரெண்டு நாள் ஆகும். என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நிலை: கில்ட்.

போன் அடித்தது. எடுக்காமலே தெரிந்துவிட்டது. ஷ்யாம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை, அழக்கூட வரவில்லை.

எண்ணெய் வாசனை கழுத்தருகே வந்து நின்றது. யாரோ தோள்மேல் குனிந்து திரையைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஷ்யாம் எட்டத்தில்தான் நின்றிருந்தார்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. ஹிஸ்டரியில் புது வரி ஒன்று விழுந்தது.

ஜாப்: ஷீலா.

தொடங்கியவர்: ஆரோன்.

நிலை: ரன்னிங்.

அவள் நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் பச்சைப் புள்ளி மின்னியது. ஒரு நாளுக்குள் அந்த ரூலை ஆஃப் பண்ணச் சொல்லி டிக்கெட் போட்டாள். உடனே பதில் வந்தது.

'இரண்டு நாட்களில் கவனிக்கப்படும்.'