பச்சைப் பொத்தானை நம்பாதவர்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. உட்காரும் கதிரையின் ஒரு கால் ஆடினால் கதிரையையே தூக்கி எறிகிறார்கள். குடையில் ஒரு கம்பி வளைந்தால் அடுத்த மழைக்குப் புதுக் குடை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

செல்லப்பா தாத்தா இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மகன் துஷாந்த் அப்போதுதான் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போயிருந்தான். வந்தான், கணினியை இரண்டு தட்டுத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

"பெரியப்பா, இது கெழட்டுக் கம்பியூட்டர். பழைய சாமான் எடுக்கிறவனுக்குக் குடுத்துட்டுப் புதுசு ஒன்னு வாங்குங்க. அவசரம்னா என் போன்ல பேசுங்க."

"உன் போன்லயா? நான் பேசுறது உன் போனுக்குள்ளேயே நின்னுக்கிட்டா?"

துஷாந்த் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான்.

செல்லப்பா கண்டிச் சந்தையில் பல வருடம் காவலாளியாக இருந்தவர். வெளியே போகும் ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்துப் பார்த்துப் பழகியவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்.

ஆனால் இன்றைக்கு அவருக்கு அந்தக் கணினி வேண்டும். கட்டாயம் வேண்டும்.

அவருடைய மகள் சஞ்சீவனி கட்டாரில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து இன்று முப்பத்தோராம் நாள். பெயர் வைக்கும் நாள். குழந்தையின் காதில் தாத்தாதான் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குத் துணையாகப் போயிருந்த மனைவி புஷ்பத்திடம்கூடச் சொல்லவில்லை. முன்னாலேயே சொன்னால் வேறு யாராவது அந்தப் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைத்துவிட்டால்?

"சாதாரண போன்ல சொல்லுங்கப்பா" என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள்.

"முகத்தைப் பார்க்காம எப்படிச் சொல்றது? எந்தப் புள்ளைக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நான்கு மணிக்கு அவர் வராவிட்டால் மாப்பிள்ளையின் அப்பா பெயர் வைத்துவிடுவார். அவரும் ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தார். பிஸ்கட்டுக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர்.

செல்லப்பா கணினியைப் பார்த்து மறுபடியும் திட்டத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு யசோதினி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. அவர்கள் குடியிருந்த மஹய்யாவையில் யார் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் முதலில் எட்டிப் பார்ப்பது அவள்தான்.

"யாரைத் திட்டுறீங்க தாத்தா?"

"இதைத்தான். பொய் சொல்லுது."

"என்ன பொய்?"

"நீயே வந்து பாரு. எதையும் அழுத்திப்புடாதே!"

யசோதினி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரையை வாசித்தாள். வீடியோ பேசும் பக்கம், 'உங்கள் பிரவுசர் மிகவும் பழையது, புதியதைப் போடுங்கள்' என்றது.

"சரி, புதுசு கேட்டுப் பார்ப்போமா?"

அவர் யோசித்து யோசித்துச் சரி என்று தலையை ஆட்டினார். அவள் புதியதைக் கேட்டாள். உடனே வேறொரு செய்தி வந்தது. 'உங்கள் கணினியின் இயங்குதளம் பழையது. புதிய பிரவுசர் இதில் ஓடாது.'

"பார்த்தியா!" என்றார் செல்லப்பா. "அவன் இவன்கிட்ட போகச் சொல்றான். இவன் வர வேணாங்கிறான். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க."

"அப்படி இல்ல தாத்தா. பிரவுசர்தான் இன்டர்நெட் பக்கத்தையெல்லாம் நமக்குத் திறந்து காட்டுறது. இயங்குதளம் கம்பியூட்டருக்குள்ள இருக்கிற மேனேஜர் மாதிரி. உங்க மேனேஜருக்கு வயசாயிருச்சு. புதுசா வர்ற ஆள் பேசுறது அவருக்கு விளங்கல."

"வயசானா விளங்காதா?" செல்லப்பா முறைத்தார்.

யசோதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி தாண்டியிருந்தது. அவள் போட்டிருந்த பள்ளி யூனிஃபார்மின் நுனியை முறுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"தாத்தா, எங்க அக்காவோட யூனிஃபார்ம் எனக்குத் தரையைக் கூட்டும். என்னோட முதலாம் வகுப்பு யூனிஃபார்முக்குள்ள கையே போகாது. ஆனா அக்கா என் உயரத்துல இருந்தப்ப போட்டது ஒன்னு அலுமாரியில இருந்துச்சு. அதுதான் இது."

"அதுக்கு இப்ப என்ன?"

"புத்தம் புதுசு உங்க கம்பியூட்டருக்குப் பெருசு. இப்ப இருக்கிறது ரொம்பச் சின்னது. நடுவுல, கடைசியா இதுக்குன்னு தச்ச ஒன்னு இருக்கும்ல? அதைத் தேடுவோம்."

செல்லப்பாவுக்கு அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் ஒரு விரலால் தட்டித் தட்டித் தேடினாள். முதலில் வந்த பக்கத்தில் ஒரு பெரிய பச்சைப் பொத்தான் மினுங்கியது. 'இலவசம்! உடனே அழுத்துங்கள்!' அதற்குக் கீழே இன்னொரு பச்சைப் பொத்தான். பக்கத்தில் சுழலும் அம்புக்குறிகள் வேறு.

"ஆ, கிடைச்சிருச்சு!" யசோதினியின் விரல் முன்னால் போனது.

"எடு கையை!"

செல்லப்பா போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காகம் பறந்தது.

"ஏன் தாத்தா?"

"ஏன் இந்தப் பயல் இவ்வளவு பல்லைக் காட்டுறான்? சந்தையில கையைப் புடிச்சு இழுக்கிறவனோட கூடையை நான் அவிழ்த்துப் பார்த்திருக்கேன். மேல நல்ல தக்காளி, கீழ எல்லாம் அழுகல். இவன் யாரு? எங்கிருந்து வர்றான்? அதைக் கேளு முதல்ல."

யசோதினி மேலே இருந்த முகவரியைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அந்தப் பிரவுசரைச் செய்கிறவர்களின் பெயர் அதில் இல்லவே இல்லை. வேறு யாரோ.

அவள் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை தாத்தா. இது அவங்க கடையே இல்ல."

"நான் சொல்லல?"

"நீங்க எல்லாத்தையும்தான் சொல்றீங்க. இது ஒன்னு சரியாப் போச்சு."

இந்தத் தடவை அவள் பிரவுசரைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்துக்கே போனாள். அங்கே எதுவும் மினுங்கவில்லை. பழைய கணினிகளுக்கென்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இரண்டு பதிப்புகள் இருந்தன. ஒன்றின் எண் பெரிது, மற்றதன் எண் சிறிது.

"பெரிய நம்பர் எடு" என்றார் செல்லப்பா. "எனக்கு மட்டும் ஏன் சின்ன நம்பர்? ஏமாத்தப் பார்க்கிறானா?"

"பெரிய நம்பர் சோதனைப் பதிப்பு தாத்தா. இன்னும் செஞ்சு முடியலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. பாதியில நின்னுரலாம். சின்ன நம்பர்தான் நிலையானது. உங்களை மாதிரி பழசு வச்சிருக்கிறவங்களுக்காக வெளியாள் நுழையுற மாதிரி அதுல வர்ற ஓட்டையை எல்லாம் இன்னும் அடைச்சுத் தர்றாங்க."

"இருந்தாலும் சின்ன நம்பர்…"

"பஸ்ஸுக்கும்தான் நம்பர் இருக்கு. பெரிய நம்பர் பஸ்ஸா சீக்கிரம் போகுது?"

"எந்த பஸ்ஸும் சீக்கிரம் போறதில்ல!"

"அப்ப அழுத்தவா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. யசோதினி அழுத்தினாள்.

நீலக்கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. வெளியே மழை பிடித்தது. கோடு பாதியில் நின்றது. செல்லப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்தப் பிஸ்கட் பெயர் அவர் காதில் கேட்பது போலவே இருந்தது. அவள் கோட்டையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு நகர்ந்தது. முடிந்தது. அவள் புதிய பிரவுசரைத் திறந்தாள். கடிகாரம் நான்கு அடித்தபோது திரையில் ஒரு முகம் தெரிந்தது.

"அப்பா!" என்றாள் சஞ்சீவனி.

செல்லப்பா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "யசோ, இது இப்ப நடக்கிறதா, இல்லாட்டி முன்னாலேயே புடிச்சு வச்ச படமா?"

அதற்குள் மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து புஷ்பம் பாட்டியின் குரல் வந்தது.

"ஏங்க, சவரம் பண்ணலையா? பேர் வைக்கிற நாள்லயும் இப்படியா வந்து உட்காருவீங்க? அந்தச் சட்டை நான் வரும்போதே தோய்க்கப் போட்டதாச்சே!"

செல்லப்பா தாடையைத் தடவினார். "இப்ப நடக்கிறதுதான்" என்றார் மெதுவாக.

"புள்ளையோட காலைக் காட்டு" என்றார் மகளிடம்.

சஞ்சீவனி குழந்தையின் பிஞ்சுக் காலைத் தூக்கிக் காட்டினாள். சுண்டு விரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. செல்லப்பா குனிந்து செருப்புக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார். அதே சாய்வு.

அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"யசோ, காதைப் பொத்திக்க."

யசோதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அது போதாது என்று கண்ணையும் மூடிக்கொண்டாள். அங்கே சஞ்சீவனி குழந்தையின் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

கட்டார் ரொம்ப தூரம். மெதுவாகச் சொன்னால் போய்ச் சேருமா? செல்லப்பா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"ஜீவன்! ஜீவன்! ஜீவன்!"

குழந்தை திடுக்கிட்டது. அழப் போவது போல உதட்டை வளைத்தது. பிறகு என்ன நினைத்ததோ, பொக்கை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அங்கே எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பம் பாட்டி கண்ணைத் துடைத்தாள்.

"நல்ல பேரு தாத்தா" என்றாள் யசோதினி.

"காதைப் பொத்தச் சொன்னேன்ல!"

"பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன்!"

அப்போது கீழ் வீட்டிலிருந்து யாரோ, "ஜீவன் நல்லா இருக்கட்டும், செல்லப்பா அண்ணே!" என்று கத்தினார்கள். எதிர் வீட்டிலிருந்தும், "நல்லா இருக்கட்டும்!" என்று ஒரு குரல் வந்தது.

பேசி முடித்ததும் செல்லப்பா திரையை உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சின்ன நம்பர் எவ்வளவு காலத்துக்கு ஓடும்?"

"இப்போதைக்கு ஓடும் தாத்தா. ஆனா ஒருநாள் ஓட்டை அடைக்கிறதை நிப்பாட்டிருவாங்க. அப்ப கம்பியூட்டரையே மாத்தணும். அதுவரைக்கும் பேங்க் வேலையெல்லாம் இதுல செய்யாதீங்க."

"பார்த்தியா? நிப்பாட்டுவானாம்! நான் அப்பவே சொன்னேன், கூட்டுக் களவாணிங்கன்னு."

"வர்ற சனிக்கிழமையும் ஜீவன் வருவான். நான் வந்து போட்டுத் தரட்டுமா?"

"வா. ஆனா எனக்கு இதுல நம்பிக்கை இல்ல."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். கணினியின்மேல் துவாய்த் துண்டைப் போட்டு மூடினார். குடையை எடுத்துக்கொண்டு, பெயர் வைத்த சந்தோஷத்துக்குக் கீழ் வீட்டாருக்குச் சீனி வாங்கிக் கொடுக்கக் கடைக்குப் புறப்பட்டார். நாலு படி இறங்கியவர் திரும்பி வந்தார். பிளக் உண்மையிலேயே வெளியேதான் கிடக்கிறதா என்று ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே மழைக்குள் நடந்து போனார்.