ஆட்காட்டி கத்தினால் அவுட்

நண்டுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் பந்து வீச ஓடி வரும் அழகுதான். நேராக ஓடத்தான் நினைப்பாள். கால்கள் மட்டும் பக்கவாட்டில் போகும். மட்டை பிடித்தவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முழிப்பதற்குள் ஸ்டம்ப் சாய்ந்துவிடும்.

அவளுடைய அண்ணன் பெயர் கட்டை. எப்பேர்ப்பட்ட பந்து வந்தாலும் அடிக்க மாட்டான், கட்டை போட்டு நிறுத்திவிடுவான். போன மேட்சில் அப்படிக் கட்டை போட்டே முட்டை வாங்கியவன் அவன். ஆனாலும் டாங்க் தெரு அணிக்கு அவன்தான் கேப்டன், ஏனென்றால் மட்டை அவனுடையது.

தண்ணீர் டாங்குக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. டாங்க் தெருவுக்கும் வொர்க்‌ஷாப் தெருவுக்கும் விளையாட அது ஒன்றுதான் இடம். காலையில் டாங்கின் நிழல் அதன்மேல் விழும். பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. மாலையில் பெரியவர்கள் நடக்க வந்துவிடுவார்கள்.

காலை நேரம் யாருக்கு என்று லீவு விட்ட நாளிலிருந்து சண்டை. கடைசியில் ஒரு மேட்ச் வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஜெயித்த தெருவுக்குக் காலை. தோற்ற தெருவுக்கு மத்தியானம்.

மற்றவர்களுக்கு மத்தியானம் என்றால் வெயில், அவ்வளவுதான். நண்டுக்கு அப்படி இல்லை. அவளுடைய அம்மா தையல்காரர். உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, ஒன்றுகூட விழாமல் திட்டக்கூடியவர்.

"பத்து மணிக்கு மேல வெயில்ல உன் தலை தெரிஞ்சுதுன்னா, லீவு முழுக்க இங்க உக்காந்து பட்டன் தைக்கணும். சொல்லிட்டேன்."

ஆகவே தோற்றால் நண்டுக்கு இந்த லீவில் கிரிக்கெட்டே கிடையாது.

மேட்சுக்கு முதல் நாள் எல்லோரும் பயிற்சிக்குப் போனார்கள். பொட்டலில் ஒரு ஆட்காட்டிப் பறவை நின்றிருந்தது. மஞ்சள் கால்கள், கறுப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பு. ஆள் வந்தால் உலகத்துக்கே கேட்கும்படி கத்திக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

அது கத்திக்கொண்டே ஒரு இறக்கையைத் தரையில் இழுத்து இழுத்து நடந்தது.

"ஐயோ பாவம், இறக்கை ஒடிஞ்சிருக்கு" என்றான் டாக்டர். அவன் விக்கெட் கீப்பர். அவனுடைய அப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். அதனால் யாருக்கு அடிபட்டாலும் இவன்தான் முன்னால் நிற்பான். கட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே மொத்த அணியும் ஓடியது.

பறவை நொண்டியது. நெருங்கினால் இரண்டு அடி தள்ளிப் போய் நொண்டியது. இப்படியே பொட்டலின் கடைசி வரைக்கும் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டு, அங்கே போனதும் இரண்டு இறக்கைகளையும் விரித்து ஜம்மென்று பறந்துபோனது.

டாக்டர் கட்டுத் துணியும் கையுமாக நின்றான். "குணமாயிடுச்சுபோல" என்றான்.

நண்டு மட்டும் ஓடவில்லை. 'எதையோ மறைக்கத்தான் இத்தனை நடிப்பு' என்று தோன்றவே, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து எதிர்ப்பக்கம் நடந்தாள். லெக் சைடில், ஆடுகளத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், நான்கு கூழாங்கற்கள் வட்டமாகக் கிடந்தன. குனிந்து பார்த்தாள். கூழாங்கற்களுக்குப் புள்ளி இருக்கும், சரி. ஆனால் நான்கும் ஒரே அளவில், கூர்முனையை உள்ளே வைத்துக்கொண்டு இருக்குமா?

"அண்ணா, யாரும் இங்க வராதீங்க. முட்டை."

மறுநாள் மேட்சுக்கு வந்த வொர்க்‌ஷாப் தெரு கேப்டனிடம் இதைச் சொன்னார்கள். அவன் பெயர் புல்டோசர். வெல்டரின் மகன். எந்தப் பந்தையும் லெக் சைடுக்குத்தான் அடிப்பான்.

அவன் முட்டைகளையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் அடிக்கற எடமாப் பாத்து முட்டை வச்சிருக்கீங்க. இது சதி."

"நாங்களாடா முட்டை போட்டோம்?" என்றான் கட்டை.

"போன மேட்ச்ல நீ போட்டியே."

கட்டையின் சொந்த அணியிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"ஒரு பக்கெட் கொண்டாங்கடா. அள்ளி மூலையில வச்சுடலாம்" என்றான் புல்டோசர்.

நண்டு குறுக்கே வந்து நின்றாள். "நீ ஸ்கூலுக்குப் போயிருக்கும்போது உங்க வீட்டைத் தூக்கி வேற தெருவுல வச்சா, சாயங்காலம் எங்க போவ?"

"எங்க வீடு பெருசு. தூக்க முடியாது."

"சரி, அப்ப ஒரு ரூல் வச்சுக்குவோம். கண்ணாடி ஜன்னல் வச்ச வீட்டுக்குள்ள அடிச்சா அவுட்னு வைக்கிறோம்ல, அது மாதிரி. முட்டையைச் சுத்திச் செருப்பு வச்சிடலாம். அந்தப் பக்கம் அடிச்சா அவுட். ரெண்டு டீமுக்கும்."

"பந்து பக்கத்துல போச்சா, உள்ள போச்சான்னு யார் சொல்றது? உங்க அம்பயரா?" என்றான் புல்டோசர்.

நண்டு மேலே பார்த்தாள். டாங்கின் விளிம்பில் உட்கார்ந்து ஆட்காட்டி முறைத்துக்கொண்டிருந்தது.

"அதுதான் அம்பயர். அது கத்தினா அவுட்."

பறவை எந்தத் தெருவின் ஆளும் இல்லை. புல்டோசரும் ஒத்துக்கொண்டான். எல்லோரும் செருப்பைக் கழற்றி, முட்டைகளிடமிருந்து நன்றாகத் தள்ளி ஒரு பெரிய வட்டமாக வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பறவை இறங்கிவந்து, செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

முதலில் வொர்க்‌ஷாப் தெரு ஆடியது. லெக் சைடு பக்கம் போக முடியாமல் புல்டோசர் தவித்த தவிப்பைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆஃப் சைடில் தடவித் தடவி ஆடினான். நண்டின் பந்து ஒன்று தோதாக வந்தபோது கை சும்மா இருக்கவில்லை. பந்து வட்டத்தின் ஓரமாகப் பறந்தது. ஆட்காட்டி எழுந்து கத்தியது.

"பிறவிக் குணம் போகுமா?" என்றான் கட்டை. புல்டோசர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினான்.

பிறகு டாங்க் தெரு ஆடியது. டாக்டர் அருமையாக ஆடினான். வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது ஆஃப் சைடில் ஒரு பந்தைத் தட்டினான். அதே நேரம் முட்டைப் பக்கம் ஒரு காகம் வந்து இறங்கியது. ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது.

"அவுட்" என்று வொர்க்‌ஷாப் தெரு குதித்தது.

"அது காக்காவைப் பாத்துக் கத்துச்சு" என்று டாக்டர் அழாத குறையாகச் சொன்னான்.

"எதைப் பாத்துக் கத்தணும்னு ரூல்ல இல்ல. உங்க நண்டுதான் ரூல் போட்டா. அவளையே கேளு."

எல்லோரும் நண்டைப் பார்த்தார்கள். தன் வாயால் சொன்ன ரூலை இப்போது எப்படி மாற்றுவது?

"அவுட்தான்" என்றாள் மெதுவாக.

"நீ யார் டீமுடி?" என்று கேட்டுவிட்டு டாக்டர் மட்டையை அவள் கையில் திணித்தான். அவள்தான் கடைசி ஆள்.

எதிர்முனையில் கட்டை. கடைசிப் பந்து. இரண்டு ரன் வேண்டும்.

பந்து காலுக்கு வந்தது. நண்டு நேராகத் தட்டத்தான் நினைத்தாள். அவள் நினைத்தபடி எதுதான் நேராகப் போயிருக்கிறது? பந்து தரையோடு உருண்டு லெக் சைடுக்கு, நேரே செருப்பு வட்டத்தை நோக்கி ஓடியது.

"ஓடு" என்று கட்டை கத்தினான். நண்டு ஓடினாள், கண் முழுக்கப் பந்தின்மேல்.

புல்டோசர் பந்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். "விட்டுடுடா, உள்ள போகட்டும், அது கத்தும், அவுட்" என்று அவனுடைய ஆட்கள் கூவினார்கள். விட்டிருந்தால் வெற்றி அவனுக்குத்தான். ஆனால் பந்து போகிற போக்கில் முட்டை தப்பாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பென்று குப்புற விழுந்து பந்தை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டான். தலை மட்டும் வட்டத்துக்குள் போய்விட்டது.

அவ்வளவுதான். ஆட்காட்டி அவன் தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. எங்கிருந்தோ அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. புல்டோசர் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு ஊர்ந்து வெளியே வருவதற்குள் இரண்டு ரன்னும் ஓடி முடிந்துவிட்டது.

டாங்க் தெரு ஆடித் தீர்த்தது. நண்டு மட்டும் மூச்சு வாங்க நின்றாள்.

"நான் அவுட்" என்றாள்.

"வாயை மூடுடி" என்றான் கட்டை.

"கத்துச்சுல்ல? கத்தினா அவுட்."

புல்டோசர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். "ஏ நண்டு, அது என் மண்டையைப் பாத்துக் கத்துச்சு. அவுட்னா நான்தான் அவுட்."

"ஃபீல்டிங்ல நின்னவன் எப்படிடா அவுட்டாவான்?" என்றான் கட்டை.

"அப்ப நான் காக்காவால அவுட்டானது மட்டும் நியாயமா?" என்று டாக்டர் இடையில் புகுந்தான். அவன் யாருக்காகப் பேசுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சண்டை சூடு பிடித்தது. வெயிலும் சூடு பிடித்தது. டாங்கின் நிழல் பொட்டலை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

நண்டு பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது டாங்கின் அடியில் ஒழுகும் குழாய்ப் பக்கம் போய், தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது.

"எல்லாரும் அங்க பாருங்க" என்றாள். "முட்டைக்குச் சூடு தாங்கலைன்னு தண்ணி கொண்டாந்து நனைக்குது. மத்தியானம் நாம இங்க ஆடினா அது பயந்து பறந்துடும். முட்டை வெந்தே போயிடும்."

"அப்ப மத்தியானம் யார்தான் ஆடறது?" என்றான் புல்டோசர்.

"யாரும் வேணாம். குஞ்சு பொரியற வரைக்கும் எல்லாரும் காலையிலேயே ஆடுவோம். ரெண்டு தெருவையும் கலந்து டீம் பிரிச்சுக்கலாம். அப்புறம் வேணா இன்னொரு மேட்ச் வச்சுக்கங்க."

கட்டை புல்டோசரைப் பார்த்தான். புல்டோசர் கட்டையைப் பார்த்தான். இருவருக்குமே தலை சுட்டது.

"சரி" என்றார்கள்.

நண்டுக்கு மனசு நிறைந்துபோனது. பத்து மணிக்கு முன்பே வீட்டுக்கு ஓடிப் போய், அம்மா கேட்காமலேயே இரண்டு பட்டன்கள் தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை நிழல் விழுந்ததும் மறுபடி செருப்பு வட்டம் வைத்துவிட்டு அணி பிரிக்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கத்துக்குக் கட்டை, இன்னொரு பக்கத்துக்குப் புல்டோசர்.

"நண்டு எங்களுக்கு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நான்தான் மொதல்ல சொன்னேன்."

"அவ என் தங்கச்சிடா."

குரல் உயர்ந்தது. செருப்பு வட்டத்துக்குள்ளிருந்து ஆட்காட்டி வீலென்று கத்தியது.

"கத்திடுச்சு. ரெண்டு பேரும் அவுட்" என்று சொல்லிவிட்டு, நண்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆடப் போனாள்.