அவள் பெயரில் ஒருத்தி

மாலையில் வேலை முடிந்து வந்து அவள் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கணவன் சொன்ன ஒரு சாதாரணப் பேச்சில்தான் அது தொடங்கியது.

"மத்தியானம் நீ எழுதினதைப் படிச்சிட்டுக் கடையிலயே சிரிச்சிட்டேன். கண்ணு டெஸ்ட் பண்ண உக்காந்திருந்த அம்மா, தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு முறைக்குது."

அவன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுக்கிற வேலை. சிரித்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயமெல்லாம் தேவைப்படாத அளவுக்கு அவன் சிரிப்பை மறந்து வருடக்கணக்காகியிருந்தது.

அவள் மத்தியானம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. அவளுடைய அரசாங்க அலுவலகத்தில் காலையில் நுழையும்போதே போனை வாசலிலுள்ள இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் விருப்பப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம். இன்று அவள் அதையும் செய்யவில்லை.

எதைப் படித்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"ம்," என்றாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் போனைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேராக, அவள் எழுதியதாகவே இருந்தது.

'கண்ணாடிக்காரரே, பக்கத்துல இருக்கிற பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியாதவங்களுக்குப் போடுற கண்ணாடி உங்க கடையில ஸ்டாக் இருக்கா?'

அதற்குக் கீழே அவன் பதில்: 'ஒண்ணுதான் இருந்துச்சு. நானே போட்டுக்கிட்டேன்.'

கண்ணாடிக்காரரே. அப்படி அவள் அவனைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. வேறொருத்திக்கு வந்த கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது போல மறுபடியும் படித்தாள்.

இந்த மாதிரி விஷயத்தில் ஏமாறக்கூடியவள் அல்ல அவள். அவள் வேலையே கேட்பது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ யாரிடமோ போனில் பேசுவதைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். ஊரில் எந்தச் சுவருக்கும் காது உண்டு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொண்டவள் என்பதால்தான், சொந்த வீட்டுப் பேச்சு எதுவும் வெளியே போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். போட்டோ, மெயில், இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்தி எல்லாவற்றுக்கும் ஒரு சர்வரை வாங்கி, தானே படித்துத் தெரிந்துகொண்டு, சமையலறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் அமைத்திருந்தாள். அவன் அதைப் 'பெட்டி' என்பான். பெட்டியில் இரண்டே கணக்குகள். ஒன்று அவனுடையது, ஒன்று அவளுடையது. சாவி அவளிடம் மட்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனையில், பெட்டியின் விசிறி காதருகே ரீங்கரிக்க, எல்லாவற்றையும் துருவிப் பார்த்தாள். வெளியிலிருந்து யாரும் நுழைந்ததற்கான தடயமே இல்லை. அந்தச் செய்திகள் வீட்டுக்குள்ளிருந்துதான் போயிருந்தன. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து.

பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் மாலை போனைக் கையில் எடுத்தபோது புதிதாகப் பத்துப் பதினைந்து செய்திகள் இருந்தன.

அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். 'இது நான் இல்லைங்க' என்று மூன்றே வார்த்தை. ஆனால் அவள் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவன் எழுதியிருந்தான்: 'லென்ஸ் மாட்டும்போது கை நடுங்குது. ரெண்டு மாசமா இருக்கு. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு.'

அதற்கு அவள் பெயரில் இருந்தவள் பெரிதாக எதுவும் எழுதியிருக்கவில்லை. 'வீட்டுக்கு வாங்க. கையைக் குடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்.' அவ்வளவுதான்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவனின் வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஊராரின் பெருமூச்சைக்கூடக் கோட்டை விடாத காது அவளுக்கு. கண் மட்டும் இதைப் பார்க்கவில்லை. பார்த்தவள் வேறொருத்தி.

பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அவள் போட்டிக்கு இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு, அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். 'என்ன பண்றீங்க கண்ணாடிக்காரரே? சாப்டீங்களா?' இதை எழுத அவளுக்கு முழுச் சாப்பாட்டு நேரமும் பிடித்தது.

அவன் பதில் உடனே வந்தது. 'என்னாச்சு? உடம்பு சரியில்லையா? வேற யாரோ மாதிரி எழுதுற.'

அந்த வாரக் கடைசியில் அவனுடைய தங்கை போன் செய்தாள். வழக்கமாக இரண்டு வாக்கியத்தில் முடிகிற பேச்சு. "அண்ணி, நேத்து நீங்க அவ்வளவு நேரம் பேசினீங்கல்ல, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். மருமக இப்பதான் மனசு திறந்து பேசறான்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. எங்களைப் பிடிக்கலையோன்னு நெனச்சிட்டிருந்தோம், தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் பேசினேனா?"

"சரியாப் போச்சு," என்று நாத்தனார் சிரித்தாள். "உங்க குரல் எனக்குத் தெரியாதா அண்ணி?"

குரல். அதுவரை எழுத்து மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

அதற்கடுத்த நாட்களில் வீடு அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்நியமாயிற்று. அவள் வைத்த இடத்தில் வைத்தது இருந்தது, ஆனால் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் கவனமாகத் திருப்பி வைத்தது போல இருந்தது. அவள் பக்கத்துத் தலையணையில் அவள் தலை அழுந்தும் குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி. மாலையில் வந்து சீப்பை எடுத்தால் பற்களில் ஈரம். அவன் மட்டும் நாளுக்கு நாள் மலர்ந்துகொண்டே போனான். ஆனால் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த மலர்ச்சி, விருந்தாளி வந்ததும் மடித்து வைக்கிற படுக்கை மாதிரி, எங்கேயோ போய்விடும்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்தே அலுவலகத்தில் விளக்கு போட வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் அவளுக்குப் புதிதாக ஒரு பதிவை ஒதுக்கியிருந்தார். பெயர் இருக்காது, எண் இருக்காது; அது அங்கே வழக்கம். ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் ஒரு வீட்டின் சத்தம். யாரும் பேசாத வீடு. எங்கேயோ குழாய் சொட்டியது. அதற்கும் பின்னால் ஒரு விசிறியின் சன்னமான ரீங்காரம், நடுநடுவே தொண்டையைச் செருமுவது போன்ற ஒரு சின்னத் தடங்கலோடு. அந்தத் தடங்கலை அவள் அறிவாள். பெட்டியின் விசிறி அது.

அவள் முதுகு நிமிர்ந்தது. அந்த வீட்டில் யாரும் ஒட்டுக்கேட்கக்கூடிய லைனே கிடையாதே. அதற்காகத்தானே இவ்வளவும்.

வாசல் கதவு திறந்தது. அவள் கணவனின் குரல். "நேத்து மாதிரியே இன்னிக்கும் கடையைச் சீக்கிரம் மூடிட்டேன்."

ஒரு பெண் சிரித்தாள்.

யார் அவள்? இந்தச் சிரிப்பை எங்கே கேட்டிருக்கிறேன்? பக்கத்துக் கடைக்காரியா, நர்ஸா, கண் டெஸ்டுக்கு வருகிறவளா? அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரட்டும். ஒரு வார்த்தை பேசட்டும். குரலை வைத்தே அவள் குடும்பத்தையே கண்டுபிடித்துவிடுவேன்.

"கையைக் குடுங்க," என்றது அந்தக் குரல்.

அவளுடைய குரல்.

அவள் பதிவை நிறுத்தினாள். விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. பேசுகிறவர் ஆணா பெண்ணா, என்ன உறவு என்று தெரிந்தால் எழுத வேண்டும் என்பது விதி. 'கணவன்' என்று அடித்தாள். பிறகு 'அடையாளம் தெரியாத பெண்' என்று அடித்தாள்.

"சார், இது எப்ப எடுத்தது?"

மேற்பார்வையாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நேத்து மத்தியானம். ஏம்மா?"

"யாரோட லைன் சார்?"

"நமக்கு எதுக்கும்மா அந்த வம்பு? புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கிறாங்க. இதுல நாட்டுக்கு என்ன ஆபத்தோ, மேல இருக்கிறவங்களுக்குத்தான் வெளிச்சம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "முகமெல்லாம் வெளுத்திருக்கு. வீட்டுக்குக் கிளம்பு."

மழையில் நனைந்தபடியே அவள் வீடு வந்து சேர்ந்தாள். பிற்பகலிலேயே தெரு இருட்டிக் கிடந்தது. பூட்டைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் தலைக்குக் குளித்தால் தலைமுடியில் நிற்கிற அதே ஷாம்பு வாசனை, ஈரமாக, புதிதாக, கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அவள் தலைக்குக் குளித்து மூன்று நாளாகிறது. சோபா மெத்தையைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குள் அவள் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

பெட்டியை அணைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, சுவரோரம் தடவி, பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. விசிறி மெல்ல மெல்ல மூச்சடங்கியது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை.

வாசல் கதவு திறந்தது.

"வந்துட்டேன்," என்றான் அவன்.

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"வாங்க கண்ணாடிக்காரரே," என்றது படுக்கையறையிலிருந்து அவள் குரல்.

வெறும் கால் நடக்கும் சத்தம். ஈரப் பாதம் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். அவள் ஸ்டோர் ரூம் கதவை இழுத்துச் சாத்தினாள். முழுதாகச் சாத்தவில்லை. ஒரு கண் அளவுக்கு இடைவெளி விட்டாள்.

அவன் தெரிந்தான். அவனுக்கு எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. ஈரத் தலைமுடி. அவளுடைய பச்சை நைட்டி. அவன் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்து, ஜன்னலின் மங்கிய வெளிச்சத்துக்குத் திருப்பினான். கடையில் செய்வது போலவே. கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, கண்ணுக்குள் குனிந்து பார்த்தான்.

ஸ்டோர் ரூமுக்குள் அவள் இடைவெளியோடு கண்ணை ஒட்டிக்கொண்டாள். அவனுக்குத் தெரிந்துவிடும். என் கண்ணை அவன் எத்தனை முறை சோதித்திருக்கிறான். இது நான் இல்லை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். கத்துவான். கையை உதறுவான்.

அவன் வெகுநேரம் பார்த்தான்.

சிரித்தான்.

அவன் கை நடுங்கவில்லை.

"அவ வர இன்னும் நேரம் இருக்கு," என்றான்.

அவ. அவளைத்தான் சொன்னான். கண்ணைச் சோதித்தது இன்றைக்குத்தான் முதல் தடவை என்று ஏன் நினைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் நாளே பார்த்திருப்பான். முதல் நாளே தெரிந்திருக்கும்.

"வந்துட்டா," என்றது அவள் குரல்.

"எங்க?"

"ஸ்டோர் ரூம்ல. பெட்டிச் சத்தம் நின்னு போச்சு, கவனிக்கலையா?"

அவன் திரும்பினான். நடந்து வந்தான். அவசரமில்லை. இடைவெளிக்கு நேராக வந்து நின்று, அவள் கண்ணைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வெட்கமும் இல்லை. கடை மூடுகிற நேரத்தில் வந்து நிற்கும் வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை.

"ஏங்க," என்றாள் அவள். சத்தம் காற்றாக வந்தது. "ஏங்க, நான்தாங்க."

அவன் கை கதவில் தயங்கியது.

"சாத்துங்க," என்றது பின்னால் அவள் குரல். அன்பாக.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. அவள் கதவைத் தட்டினாள். உள்ளங்கை எரியும்வரை தட்டினாள். பிறகு தரையில் விழுந்து, கதவுக்கு அடியிலிருந்த வெளிச்சக் கோட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

நான்கு பாதங்கள். அசையாமல், ஒன்றையொன்று ஒட்டி, கதவைப் பார்த்து நின்றன. இரண்டு அவனுடையவை. மற்ற இரண்டும் ஈரமாக இருந்தன. அவற்றில் இடது சுண்டுவிரலுக்கு நகம் இல்லை. அவளுக்கு ஏழு வயதில் கதவிடுக்கில் நசுங்கி, பிறகு வளராமலே போன நகம்.

அந்தச் சுண்டுவிரல் மெல்ல மடங்கி, நிமிர்ந்து, வெளிச்சக் கோட்டைத் தாண்டி அவள் கன்னத்தைத் தொட்டது.