காந்தல் யாருக்கு?

சான் ஹுவானில் நான் படித்த பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. சோறு, அவரைக் குழம்பு, கோழிக்கறி. எல்லாவற்றையும்விட, பானை அடியில் மொறுமொறுவென்று பிடித்திருக்கும் காந்தல். நாங்கள் அதைக் கொன்கொன் என்போம். அதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல!

பானை காலியானால்தானே காந்தலைச் சுரண்ட முடியும்? அங்கே சமைத்தவர் என் அம்மா மினெர்வா. எங்கள் கூச்சல் தாங்காமல், சோற்றை மலைபோலத் தட்டில் குவித்துவிடுவார். பாதியைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பானைக்கு ஓடுவோம். “உணவை மதிப்போம்” என்று தலைமையாசிரியை பேசியபோது பலமாகக் கைதட்டியவர்களும் நாங்கள்தான்.

ஒருநாள் தலைமையாசிரியை அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“நாளைக்கும் இது நிறைஞ்சா அடுப்பை மூடிடலாம், மினெர்வா. பிள்ளைங்களுக்கு ரொட்டியும் பாலும் போதும்.”

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அதே நினைப்புதான். அடுப்பை மூடிவிட்டால் அம்மாவுக்கு வேலை ஏது?

“அம்மா, நாளைக்கு எல்லாருக்கும் ஒரு கரண்டி மட்டும் போடு.”

“பத்தாதேடி, பசிக்குமே.”

“பத்தலைன்னா திரும்ப வரட்டும். தட்டு காலியா இருந்தாத்தான் சோறு, கொன்கொன் எல்லாம்.”

மறுநாள் என் வகுப்பு வில்கின் தன் தட்டில் இருந்த ஒரு கரண்டிச் சோற்றைப் பார்த்தான்.

“என்ன யுடெல்கா, மிச்சச் சோறு உங்க வீட்டுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பானை இங்கேயேதான் இருக்கு. தின்னுட்டு வாடா, தின்னிப்பண்டாரம்” என்றேன்.

வந்தான். தட்டை வழித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். பானையின் அடி தெரிந்தது. அம்மா சுரண்டிச் சுரண்டி, காலித் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வைத்தார்.

தலைமையாசிரியை வந்து தொட்டியைத் திறந்தார். உள்ளே கோழி எலும்புகள்தான் கிடந்தன.

“அடுப்பு எரியட்டும், மினெர்வா” என்றார். அம்மா சமையல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு துண்டு கொன்கொன் கிடைக்குமா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

பானையில் ஒன்றுமில்லை. வில்கின் பெருமூச்சு விட்டுத் தன் துண்டை இரண்டாக உடைத்தான்.

“தரேன் டீச்சர். உங்க தட்டு காலியா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. தன் அறைக்குப் போய், பாதிச் சோறு இருந்த தட்டை எடுத்துவந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கடைசிப் பருக்கையைச் சாப்பிடும்வரை, வில்கின் அந்தப் பாதித் துண்டைக் கடிக்காமல் பத்திரமாகப் பிடித்திருந்தான்.